நூன்ஷோவில் கூவியவன்

இப்போதெல்லாம் ஒரு படம் இடைவேளையைத் தொடுவதற்குள் அது தேறுமா தேறாதா என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவன் மடியில் போனை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கிறான். போன மாதம் சில இளம் உதவி இயக்குநர்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். டைரக்டர் பணிக்கர் சாரிடம் அத்தனை வருஷம் அசோசியேட்டாக இருந்தீர்களே, அவர் தொட்டதெல்லாம் ஓடியதற்கு என்ன ரகசியம், போன் இல்லாத காலத்தில் ஜனத்தின் நாடியை எப்படிப் பிடித்தார் என்று கேட்டார்கள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி விஜயா, சிரிக்காமல் வந்து காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அவர்களிடம் நான் பாதிதான் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சுப்ரமணியன். சினிமாவில் மணி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவன். கிளாப் அடித்தது, பிலிம் டப்பா சுமந்தது, நடிகருக்குக் குடை பிடித்தது, போன காட்சியில் எந்தக் கையில் கடிகாரம் இருந்தது என்று மறந்து திட்டு வாங்கியது எல்லாம் இந்தத் தொழிலில் எல்லோரும் பட்டதுதான். அதில் எனக்கென்று தனிப் பெருமை கிடையாது. தொண்ணூறுகள் தொடங்கியபோது நான் பணிக்கர் சாரின் அசோசியேட் ஆகியிருந்தேன்.

பணிக்கர் சார் மலையாள சினிமா கோடம்பாக்கத்தில் குடியிருந்த காலத்தில் அங்கே தொழில் படித்தவர். தொழில் திருவனந்தபுரத்துக்கு இடம் மாறியபோது கூடவே வந்து சேர்ந்தார். அதனால் என்னோடு தமிழில்தான் பேசுவார். பாதி தமிழ், பாதி மலையாளம், நடுவில் வாய்க்கு வந்தது. எந்த நடிகரையும் பாராட்டியதில்லை. ஷாட் பிரமாதமாக வந்தால் “போட்டே” என்பார். போகட்டும் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகப் பெரிய பெரிய நட்சத்திரங்கள் தவம் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வசனத்தை அவர் படிக்க மாட்டார். நான் படிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக் கேட்பார். நடுவில் அவர் காதைச் சொறிந்தால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். “எனக்கு சொறியத் தோணினா, தியேட்டர்ல ஜனத்துக்கு மூத்திரம் ஒழிக்கத் தோணும்” என்பார். இப்படிக் காதைச் சொறிந்து சொறிந்துதான் அவர் தொடர்ந்து மூன்று நான்கு பெரிய ஹிட்டுகள் கொடுத்தார். போஸ்டரில் அவர் பெயரைப் பார்த்தாலே விநியோகஸ்தர்கள் முன்பணத்தோடு வந்து நிற்பார்கள்.

இனி அந்த இளைஞர்களைச் சிரிக்க வைத்த விஷயம். படம் வெளியாகும் நாள், தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தியேட்டரில் நூன்ஷோ, அதாவது மதியக் காட்சி. அதற்கு நாங்கள் இருவரும் கட்டாயம் போக வேண்டும். பால்கனியில் அல்ல, முன்பெஞ்சில். பழைய கைலி, தலையில் தோர்த்துத் துண்டு. சார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். கண்ணாடி இல்லாமல் திரை அவருக்கு வெறும் வெளிச்சம்தான். படம் அவருக்கு மனப்பாடம், அதைப் பார்க்க வேண்டியதில்லை. குனிந்து உட்கார்ந்து ஜனத்தை மட்டும் கேட்பார். எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எங்கே பீடி பற்றவைக்க எழுந்தார்கள் என்று அத்தனையும் அவர் மண்டைக்குள் ஏறிவிடும்.

ஆரம்ப காலத்தில் ஒரு படத்துக்கு அவர் இப்படிப் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கேரளத்து ஜனம் படம் பிடிக்கவில்லை என்றால் சும்மா எழுந்து போகாது, ஊளையிட்டுக் கூவும். தியேட்டரே கூவிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் மௌனமாக இருப்பதைப் பார்த்த பக்கத்து ஆள், இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் வெளியே வருவதற்குள் அவர் பட்ட பாடு பெரிய பாடு. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார்.

“மிண்டாம இருக்கிறவனைத்தான் ஆளுங்க நோக்குவாங்க, மணி. அவங்க விசிலடிச்சா நீயும் விசிலடி. அவங்க கூவினா நீயும் கூவு. மனசிலாயோ?”

அப்படியே செய்தோம். ஹிட்டுகளுக்கு விசிலடித்தோம். தொய்வான இடங்களில் எங்கள் படத்துக்கு நாங்களே கூவினோம். எனக்கு நல்ல தொண்டை. சார் ஒரு முறை சிரித்துக்கொண்டே, இந்தத் தொழில் இல்லாவிட்டால் இவன் கூவியே பிழைத்துக்கொள்வான் என்று யூனிட்டில் எல்லோரிடமும் சொன்னார். ஷோ முடிந்ததும் பக்கத்திலிருக்கும் லாட்ஜில் ஓர் அறை. சார் கட்டிலில் படுத்துக்கொண்டு எந்த ரீலில் எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்வார். மற்ற ஊர் தியேட்டர்களுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொல்லிவிட்டு, உள்ளூர் தியேட்டர்களுக்கு நான் நேரே போய் ஆபரேட்டர் அறையில் நின்று வெட்டிக் கொண்டுவருவேன். பல படங்கள் வெள்ளிக்கிழமை மதியம் சுமாராகவும் சனிக்கிழமை முதல் ஓஹோ என்றும் ஓடியது இந்தக் கத்திரிக்கோலால்தான்.

இதுவரைதான் அந்த இளைஞர்களுக்குச் சொன்னேன்.

நான் கல்யாணம் செய்தது திருவனந்தபுரத்திலேயே, ஸ்ரீவராகத்தில் ஒரு தமிழ்ப் பிராமணத் தெருவில். விஜயா ஒரே பெண். அவள் அம்மா கமலம் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிப்போய்விட்டாள். தனியாக இருக்கும் அப்பாவை விட்டு வர முடியாது என்று விஜயா சொன்னதால் நான் அந்த வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். மாமனார் அனந்தநாராயணன் அரசாங்க ஆபீஸில் சூப்பரெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். எனக்குக் குறை வைத்தவரில்லை. நான் எப்போது வீட்டுக்குள் நுழைந்தாலும், பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், பாதியாவது எழுந்து நின்றுவிட்டுத்தான் உட்காருவார். மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை. அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அந்த மரியாதையை வாங்க எனக்குக் கூசும். ஆனால் என் வேலை என்னவென்று தெருவில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார். “ஸ்டுடியோவில டெக்னிக்கல் சைடாக்கும்.” சினிமா என்ற சொல் அவர் வாயில் வராது. அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாளும் வெளியே சொன்னதில்லை.

நான் சொல்லவந்த படத்தில் கதாநாயகன் பேங்க் கடனை வசூலிக்கிறவன். ஒரு தமிழ்ப் பெரியவரின் வீட்டைக் கையகப்படுத்தப் போகிறான். அவர் சண்டை போடாமல், காப்பி போட்டுக் கொடுத்து, சாவியை மேஜை மேல் வைத்துவிடுகிறார். ஒரே ஒரு காட்சி. சென்னையிலிருந்து வரவேண்டிய நடிகர் கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். பணிக்கர் சார் ஒரு முறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது மாமனார் காப்பி ஆற்றுவதைக் கவனித்திருக்கிறார். அவரே போதும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

மாமனார் முதலில் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. பிறகு வசனத்தை மட்டும் பார்க்கலாமே என்றார். மறுநாள் காலை கொல்லைக் கிணற்றடியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் அந்த வசனத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷூட்டிங்கில் காப்பியை ஆற்றினார், சாவியை வைத்தார், பிறகு எழுதிக் கொடுக்காத ஒரு வரியைத் தானாகச் சொன்னார்: “அவ இருந்திருந்தா உங்களைச் சாப்பிடாம அனுப்பமாட்டா.” என் மாமியாரை நினைத்துச் சொன்ன வரி அது. கட் சொல்லப்போகிறார் என்று நான் சாரைப் பார்த்தேன். சார் மெதுவாக “போட்டே” என்றார்.

அன்றைக்குப் பிறகு மாமனார் ஆளே மாறிப்போனார். தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மாப்பிள்ளையோட படம் வருகிறது என்று சொன்னார். மாப்பிள்ளையின் படம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை வருஷம் நான் செய்த வேலை வேலையில்லை, இவர் ஒரு நாள் வந்து காப்பி ஆற்றியதும் அது வேலையாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

படம் வெளியான அன்று மாமனாரும் விஜயாவும் தெருக்காரர்களும் சாயங்காலக் காட்சிக்குப் போவதாக ஏற்பாடு. நான் நூன்ஷோவுக்கு வழக்கம்போலக் கைலியும் துண்டுமாகப் போய் முன்பெஞ்சில் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குப் பால்கனி டிக்கெட் கிடைக்காமல் அவர்கள் நூன்ஷோவுக்கே வந்துவிட்டது எனக்குத் தெரியாது. முதல் பாதி அமர்க்களமாகப் போனது. இடைவேளைக்குப் பிறகு ஜனம் சண்டைக் காட்சியை எதிர்பார்த்துக் காத்திருந்தபோது, திரையில் மாமனார் நிதானமாக நடந்து வந்தார். காப்பியை ஆற்றத் தொடங்கினார். ஒரு மூலையில் கூவல் கிளம்பியது. “மதி பட்டரே, எணீற்று போ” என்று யாரோ கத்தினான், போதும், எழுந்து போ என்று அர்த்தம். தமிழ்ப் பிராமணனைப் பட்டர் என்பதுதான் இங்கே வழக்கம், கேலி செய்வதற்கும் அதே சொல்தான். தியேட்டர் முழுக்கச் சிரித்தது, கூவல் பரவியது. சார் முழங்கையால் என்னை இடித்தார். சட்டம். கையை வாய்க்கு இருபுறமும் குவித்து நானும் கூவினேன்.

இதுவரை சட்டம்தான். திரையில் அவர் சாவியை மேஜை மேல் வைத்தார். கூவல் மெல்ல அடங்கியது. முன்பெஞ்சுக்காரர்கள் கூடக் கழுத்தை நீட்டிக் கவனிக்கத் தொடங்கினார்கள். அந்த வரி வந்தது. தியேட்டரில் சத்தமில்லை. அந்த மௌனத்தில் நான் மட்டும், தனியாக, என் முழுத் தொண்டையில் ஒரு கூவல் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாய் தொடங்கிவிட்டது, நிறுத்தத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையில்லை. கூவியதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. டெக்னிக்கல் சைடு, டெக்னிக்கல் சைடு என்று கேட்ட வருஷமெல்லாம் அந்தக் கூவலில் இருந்தது. பக்கத்திலிருந்தவன் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினான். அடங்கியிருந்த ஜனம் மறுபடி பிடித்துக்கொண்டது, முன்னைவிட இரண்டு மடங்காக.

அந்த நேரம் பார்த்து பிலிம் அறுந்தது. விளக்குகள் எரிந்தன. பிலிம் அறுந்தால் ஜனம் திரும்பி, பின்னால் பால்கனிக்கு மேலே இருக்கும் ஆபரேட்டர் ஜன்னலைப் பார்த்துக் கூவுவது வழக்கம். கூட்டத்தோடு நானும் திரும்பிக் கூவினேன். துண்டு நழுவிக் கழுத்தில் கிடந்தது. பால்கனியின் முதல் வரிசையில், ஜரிகை வேஷ்டியும் மடித்துப் போட்ட அங்கவஸ்திரமுமாக மாமனார். அவர் இரு பக்கமும் எங்கள் தெரு. அவருக்கு அடுத்து விஜயா. அவள் என்னைப் பார்த்து அதிரவில்லை. விளக்கு எரிவதற்கு முன்பே அவள் முன்பெஞ்சில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் குரல் அவளுக்குத் தெரியாதா.

வாய்க்குப் பக்கத்தில் குவித்த கையை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மாமனார் என்னைப் பார்த்தார். பார்த்ததும், பழக்கத்தில், மாப்பிள்ளை வந்தால் எழுகிற மாதிரியே, சீட்டிலிருந்து பாதி எழுந்து நின்றார். விளக்கு அணைந்துவிட்டது.

லாட்ஜ் அறையில் பணிக்கர் சார் வழக்கம்போலக் கட்டிலில் படுத்திருந்தார். பால்கனியில் நடந்தது அவருக்குத் தெரியாது, கண்ணாடி பையில் இருந்தது. ஆனால் காதுக்குத் தப்பியது எதுவுமில்லை.

“ஜனம் கூவினா கூவணும்னு சொன்னேன். ஜனம் நிறுத்தினப்புறம் நீ எதுக்கு கூவினே?” என்றார்.

அந்தக் காட்சி தேறியிருக்கும் என்றார் அவர். அந்த வரி ஜனத்தைப் பிடித்துவிட்டது, தான் கேட்டதாகச் சொன்னார். ஆனால் ஒரு தடவை கூவல் வாங்கிய இடம் அடுத்த ஷோவிலும் வாங்கும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சுப் பரவி, கூவுவதற்கென்றே தயாராக வருவார்கள். பிறகு படத்தின் மீதியும் போய்விடும். தயாரிப்பாளரின் வீடு இந்தப் படத்துக்காக அடமானத்தில் இருந்தது.

“முழுசும் எடுத்துடு, மணி,” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வைத்துக்கொள்ளலாம் சார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. தியேட்டருக்குப் போய் ஆபரேட்டர் அறையில் நின்றேன். அவர் ரீலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வர, நான் விளக்குக்கு நேரே பிலிமைப் பிடித்து இடம் காட்டினேன். சின்னச் சின்னச் சதுரங்களில் மாமனார் காப்பி ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆபரேட்டர் கத்திரித்து, ஓரத்தை பிளேடால் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவி ஒட்டி, விரலால் அழுத்தினார். வெட்டியதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். மறுநாள் தயாரிப்பாளரின் ஆபீஸில் ஒப்படைக்க அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பணிக்கர் சாரின் ஆகப் பெரிய வெற்றி அதுதான்.

பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குப் போனேன். வாசலைத் தாண்டுவதற்குள் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். சாரின் சட்டத்தை விளக்கிவிடலாம், கூவுவது எங்கள் வேலை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மாமனார் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். விஜயா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

“மாப்பிள்ளை, நான் ஒத்துண்டிருக்கப்படாது,” என்றார். “பெரிய மனுஷன் எடுக்கற படம். என்னால கெட்டுப்போச்சு. மன்னிச்சுடுங்கோ.”

அப்படியெல்லாம் இல்லை மாமா என்று எதையோ முனகினேன். அவர் கையமர்த்தினார்.

“தெருக்காரா கேட்டா. நீங்க கூவினது வேலையாக்கும்னு சொல்லிட்டேன். ஜனத்தோட அபிப்பிராயம் தெரிஞ்சுக்க அப்படிப் பண்ணுவா, டைரக்டர் ஆர்டர்னேன். எல்லாரும் ஒத்துண்டுட்டா. நீங்க ஒண்ணும் மனசில வெச்சுக்க வேண்டாம்.”

என்னைக் காப்பாற்ற அவர் தெருவில் சொன்ன பொய், நான் சொல்வதற்காகக் கொண்டுவந்த உண்மையாக இருந்தது. இனி அதை என் வாயால் சொன்னால் பொய்யாகத்தான் கேட்கும். அதுவும் பாதி உண்மைதானே. அவர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். திரையில் தன்னைப் பார்த்ததும் காது அடைத்துப்போய்விட்டதாம், ஒன்றுமே சரியாகக் கேட்கவில்லையாம்.

“எந்த இடத்துல கூவ ஆரம்பிச்சா?”

“காப்பி ஆத்தற இடத்துல, மாமா. அப்புறம் அடங்கிடுத்து.”

“அப்போ கமலத்தைப் பத்திச் சொன்னேனே, அது?”

விஜயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதை எல்லாரும் சத்தம் போடாம கேட்டா, மாமா.”

அவர் முகம் தெளிந்தது. “அது போறும்,” என்றார். பிறகு, “இன்னிக்கு வராதவாள்ளாம் நாளைக்குப் போறாளாம். அவாளும் கேப்பா, இல்லியா?” என்றார். கேப்பா மாமா என்றேன். சுருட்டி வைத்த பிலிம் என் தோள்பையில் இருந்தது. விஜயா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நூன்ஷோ பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்று மாமனாரைக் கூப்பிட்டார்கள். நான் அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். படம் பிரமாதம், ஆனால் உம்மைக் காணவே இல்லையே ஓய் என்று ஒருவர் கேட்டார்.

“நான்தான் மாப்பிள்ளைகிட்ட எடுத்துடச் சொன்னேன்,” என்றார் மாமனார். “எனக்கே திருப்தியா வரலையாக்கும்.”

முன்வாசல் வழியாகப் போக எனக்கு முகமில்லை. கொல்லைக் கதவைத் திறந்து வெளியேறி, தம்பானூர் வரை நடந்தே போனேன். தியேட்டர் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கியது. மானேஜர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.